வெறுங்கால் நேர்த்தி

ஊர்காவற்றுறையில் புனித அந்தோனியாரை ஏமாற்றலாம் என்று நினைத்த முதல் ஆள் தன் புருசனாகத்தான் இருக்க வேண்டும் என்று மாக்கிறேற் பல தடவை சொல்லியிருக்கிறாள். புருசனுக்கு முன்னால் வைத்தே சொல்லியிருக்கிறாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு அவர்களுடைய மகன் அன்ரனிதாஸ் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தான். போய்ச் சேர்ந்தால் மட்டும் காணாது. அங்கே இருக்கவும் வேலை செய்யவும் அந்த நாட்டு அரசாங்கம் ஒரு காட் கொடுக்க வேண்டும். காட் இல்லாதவனை என்றைக்கும் பிடித்து விமானத்தில் ஏற்றிவிடலாம். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை, பூசை முடிந்து சனம் கலைகிற நேரத்தில், இரண்டு பேரும் அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தார்கள்.

மாக்கிறேற் மீனை விட்டாள். கடற்கரையில் பிறந்து, கடற்றொழிலாளியைக் கட்டி, மீன் இல்லாத சோற்றைப் பெரிய வெள்ளியில் மட்டும் கண்ட நாக்கு அது. மகனுக்குக் காட் கிடைக்கும் வரைக்கும் மீன் தொடமாட்டேன் என்று முணுமுணுப்பாகத்தான் சொன்னாள்.

அவளுடைய புருசன் குருசுமுத்து முணுமுணுக்கவில்லை. அவர் வள்ளத்தில் நின்று அடுத்த வள்ளத்தைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"அந்தோனியாரே, என்ரை பிள்ளைக்குக் காட் கிடைக்கும் வரைக்கும் நான் காலிலை செருப்புப் போடமாட்டன்."

பின்வரிசை வாங்கில் இருந்த பத்திநாதருக்கு இருமல் வந்தது. பத்திநாதர் பக்கத்து வளவுக்காரர், குருசுமுத்துவோடு ஒன்றாகக் கடலுக்குப் போய் ஒன்றாக நரைத்தவர். வெளியே வந்ததும் கேட்டார்.

"மச்சான், நீ எப்ப செருப்புப் போட்டனீ, இப்ப விடுறதுக்கு?"

நியாயமான கேள்விதான். குருசுமுத்து பிறந்ததிலிருந்து வெறுங்கால். கலியாணத்துக்கு மட்டும் பத்திநாதரிடம் சப்பாத்து இரவல் வாங்கிப் போட்டார். கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் வாளிக்குள் விட்ட நண்டு போல நடந்தார். பீடத்துக்குக் கிட்டப் போனதும் இரண்டையும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "சம்மதம்" என்றார். கலியாணப் படத்தில் அவருடைய இடது கக்கத்தில் கறுப்பாகத் தெரிவதை, வேதாகமம் என்றுதான் மாக்கிறேற் இன்று வரைக்கும் வெளியாட்களுக்குச் சொல்லி வருகிறாள்.

அந்த வருசமே நேர்த்தி ஊருக்குள் பகிடியாகிவிட்டது. பத்திநாதர் தானும் ஒரு நேர்த்தி வைக்கப்போவதாகவும், இனிமேல் யானையில் ஏறமாட்டேன் என்றும் சொல்லித் திரிந்தார். மாக்கிறேற் மரக்கறிச் சோற்றைப் பிசைந்தபடி, எதிரே பொரித்த மீனின் முள்ளைப் பிரிக்கிற புருசனைப் பார்ப்பாள்.

"ருசியா இருக்கோ?"

"கொஞ்சம் உப்புக் கூட," என்பார் அவர்.

அன்ரனிதாசின் அகதி வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி மேல்முறையீட்டுக்குப் போனது. அதே காலத்தில்தான் குருசுமுத்துவின் வலது உள்ளங்காலில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வந்தது. கல்லுப்போல இருந்தது, ஆனால் நோகவில்லை. நோகாததை நோய் என்று சொல்வது அவருடைய அகராதியில் இல்லை. அழுத்திக் காட்டினார், அதன் மேல் துள்ளிக் காட்டினார். பாதம் மெல்ல மெல்ல வீங்கியது. சமாதான காலம் வந்து, ஏ நைன் பாதை திறந்து, கொழும்பிலிருந்து சனம் வந்து போகத் தொடங்கியபோது, வலது பாதம் இடதைப் போல ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது. பக்கவாட்டில் இரண்டு மூன்று துளைகள். துளைகளிலிருந்து கருஞ்சீரகம் போலக் குறுணி குறுணியாக வந்தது.

ஊர் இதற்குக் காரணம் தேடியது. திருக்கைமுள் என்றார்கள் சிலர். கண்ணூறு என்றாள் பிரான்சுக்கு மகனை அனுப்ப முடியாத ஒருத்தி, கொஞ்சம் திருப்தியோடு. உள்ளே ஷெல் துண்டு இருக்கிறது, அது துருப்பிடித்துக் கறுப்பாக வருகிறது என்றார் பத்திநாதர். குருசுமுத்து கடல் தண்ணீரில் காலை ஊறவைத்தார். குறுணிகள் கழுவுப்பட்டன, பின்னும் வந்தன.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றாள் மாக்கிறேற்.

"நோகேல்லையே."

"பிரேதத்துக்கும் நோகாது. வெளிக்கிடுங்கோ."

ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்தவர் துண்டு எழுதி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். அங்கே தோல் நோய்ப் பகுதியில் இருந்த டொக்டர் ஒரு பெண், அன்ரனிதாசின் வயதுதான் இருக்கும். குறுணிகளைத் தட்டில் எடுத்து, நசித்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, காலிலை எப்பவாவது முள்ளுக் குத்தினதோ?"

"எப்ப குத்தேல்லை எண்டு கேளும், பிள்ளை."

"டொக்டர் எண்டு சொல்லுங்கோ," என்று மாக்கிறேற் முழங்கையால் இடித்தாள்.

"செருப்புப் போடுறனீங்களோ?"

குருசுமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லை. நேர்த்தி."

"நேர்த்திக்கு முன்னம்?"

அவர் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். மாக்கிறேற் சொன்னாள். "முன்னமும் நேர்த்திதான், டொக்டர். நாப்பது அம்பது வருச நேர்த்தி."

சலரோகம் இருக்கிறதா, மாடு ஆடு வளர்த்ததுண்டா, முள்ளுக்காடு வெட்டியதுண்டா என்று டொக்டர் கேட்டுக்கொண்டே போனாள். அந்தக் கடைசிக் கேள்வியில் மாக்கிறேற்றுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தொண்ணூறில் ஊரை விட்டு ஓடி, இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் கிடந்து, தொண்ணூற்றேழில் திரும்பி வந்தபோது வளவு இருந்த இடத்தில் விடத்தல் முள்ளுக்காடுதான் இருந்தது. கூரை இல்லாத வீட்டுக்குள் கட்டாக்காலி மாடுகள் குடியிருந்தன. அறைக்குள் முழங்கால் உயரத்துக்குச் சாணம். குருசுமுத்து வாசலில் விழுந்து மண்ணைக் கொஞ்சினார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு அந்தக் காட்டுக்குள் இறங்கிக் கிழமைக் கணக்கில் வெட்டினார். பின்னேரங்களில் அவள் ஊசியால் அவருடைய காலில் முள் எடுப்பாள். பாதி முள் வரும். மீதி உள்ளே முறிந்து நிற்கும்.

அதைச் சொன்னபோது டொக்டர் தலையாட்டினாள்.

"உதுதான். இது மண்ணிலை இருக்கிற பங்கசு, பூஞ்சணம். மண்ணிலை, முள்ளிலை, சாணத்திலை எல்லாம் இருக்கும். சும்மா மிதிச்சா ஒண்டும் செய்யாது. முள்ளுக் குத்தேக்கை அதோடை சேர்ந்து உள்ளுக்குப் போயிடும். போய் ஆறுதலா, மெல்ல மெல்ல வளரும். வருசக்கணக்கா நோகாது. அதாலைதான் எல்லாரும் விட்டிடுவினம். முதல் சதையைத் தின்னும், பிறகு எலும்பு. மைசிற்றோமா எண்டு சொல்லுறது. மதுரைக் கால் எண்டும் பேர்."

"நான் மண்டபம் மட்டும்தான் போனனான்," என்றார் குருசுமுத்து. "மதுரைக்குப் போகேல்லை."

"அங்கை முதல் கண்டுபிடிச்சதாலை வந்த பேர், ஐயா. உங்களுக்கு வந்தது உங்கடை வளவிலை இருந்துதான்."

இந்த வார்த்தைதான் அவரைச் சுட்டது. முகம் சிவந்துவிட்டது. "என்ரை சொந்த மண், பிள்ளை. நான் கொஞ்சின மண். அது எனக்கு உப்பிடிச் செய்யாது."

"கொஞ்சினதாலை ஒண்டுமில்லை. மிதிச்சதாலைதான்," என்றாள் டொக்டர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். "கேளுங்கோ. எலும்பிலை இன்னும் பெரிசாப் பிடிக்கேல்லை. அது உங்கடை அதிர்ஷ்டம். சின்ன ஒப்பரேசன் ஒண்டு செய்து கட்டியை எடுப்பம். பிறகு ஒரு வருசத்துக்கு மேலை குளிசை. தரையிலை வெறுங்கால் வைக்கப்படாது, முழுக்க மூடின சப்பாத்துப் போடோணும். இந்தக் காலிலை இனியொரு முள்ளு ஏறிச்சுதெண்டா நான் பொறுப்பில்லை. கணுக்காலோடை எடுக்கிறதைத் தவிர வேறை வழி இராது."

"சப்பாத்தோ?"

"சப்பாத்து."

"எவ்வளவு காலத்துக்கு?"

"காலம் முழுக்க எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

குருசுமுத்து எழுந்தார். "ஏலாது. பிள்ளையின்ரை வழக்கு மேல்கோட்டிலை கிடக்குது. இந்த நேரம் நான் சப்பாத்துப் போட்டா அவனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். காலை வெட்டுறதெண்டா வெட்டுங்கோ."

"காலில்லாட்டி நேர்த்தியும் பாதியாப் போயிடும்," என்றாள் மாக்கிறேற். "அந்தோனியார் பாதிக் காட்தான் தருவார். அதைக் கொண்டு பெடியன் என்ன செய்யிறது?"

டொக்டர் சிரிக்காமல் இருக்க மருந்துத் துண்டை எழுதினாள். மாக்கிறேற் சிரிக்கவில்லை. இந்த மனிதர் சொன்னால் செய்வார் என்று அவளுக்குத் தெரியும்.

ஒப்பரேசனுக்கு மட்டும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தாள். கட்டுப்போட்ட காலோடு திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்சை நிற்பாட்டினார்கள். கடற்படைப் பெடியன் ஒருவன், தமிழ் பழகத் தொடங்கியவன், கட்டைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினான்.

"காயம்? யார் செஞ்சது?"

"பங்கசு," என்றார் குருசுமுத்து.

பெடியன் யோசித்தான். "அது எந்த குரூப்?"

"ஒரு குரூப்பும் இல்லை, தம்பி. எல்லா இடமும் இருக்கு. மண்ணுக்குள்ளை ஒளிச்சிருந்து காலைத்தான் அடிக்கும்."

பஸ் ஒரு மணித்தியாலம் நின்றது. துவக்கோடு இரண்டு பேரும், தமிழ் வடிவாகத் தெரிந்த அதிகாரி ஒருவரும் வந்து, மருந்துத் துண்டை வாசித்து, கடைசியில் அதிகாரியே சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். "அவன் கேட்டவன், நான் உள்ளதைச் சொன்னனான்," என்றார் குருசுமுத்து வீடு வந்து சேரும் வரைக்கும்.

புண் ஆறி வந்தது. கட்டு அவிழ்க்கிற நாள் கிட்டக் கிட்ட மாக்கிறேற் நாட்களை எண்ணத் தொடங்கினாள். கட்டு இருக்கும் வரைக்கும் அது செருப்பும் இல்லை வெறுங்காலும் இல்லை என்று சமாளிக்கலாம். அவிழ்த்தால் அந்தக் கால் நேரே மண்ணில் இறங்கும். வளவில் இன்னும் விடத்தல் முள் முளைத்துக்கொண்டுதான் இருந்தது. அவள் புருசனையும் கூட்டிக்கொண்டு பங்குச் சுவாமி வின்சன்ற்றிடம் போனாள். பத்திநாதர், தன்னை யாரும் கூப்பிடாமலே, பின்னால் வந்தார்.

வின்சன்ற் சுவாமி எல்லாவற்றையும் ஆறுதலாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நேர்த்தியை மாத்தலாம், குருசுமுத்து. கால் வருத்தக்காரன் மாத்தினா அந்தோனியார் கோவிக்கமாட்டார். அதுக்குப் பதிலா இன்னொண்டு செய்யும்."

"உது கள்ளவேலை, சுவாமி. ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதான்."

மாக்கிறேற்றுக்கு மூன்று வருச மீன் நாக்குக்கு வந்துவிட்டது.

"கள்ளவேலையோ? சுவாமி, இவர் நேர்த்தி வைக்கேக்கையே அந்தோனியாரை ஏமாத்திப்போட்டார். நான் மீனை விட்டனான். இவர் என்னத்தை விட்டவர்? இல்லாததை விட்டவர். அவருக்கு முன்னாலை கஷ்டப்படுறன் எண்டு சொல்லிப்போட்டு, ஒரு நாள் கஷ்டப்பட்டதில்லை. பிள்ளையின்ரை வழக்கு ஏன் தள்ளுப்பட்டதெண்டு எனக்கு இப்பதான் விளங்குது."

இப்படி ஒரு கோணம் இருப்பது குருசுமுத்துவுக்கு இதுவரை தோன்றவில்லை.

"மெய்தான், சுவாமி," என்றார் பத்திநாதர். "எனக்கு அண்டைக்கே இருமல் வந்தது."

மாக்கிறேற் புருசனின் பக்கம் திரும்பினாள். "உள்ளதைச் சொல்லுங்கோ. உங்களுக்குச் செருப்பில்லாமல் நடக்கிறது கஷ்டமோ, சப்பாத்தோடை நடக்கிறது கஷ்டமோ?"

குருசுமுத்துவின் கண்ணில் அந்தக் கலியாண நாள் வந்து போயிருக்க வேண்டும்.

"சப்பாத்து," என்றார் கடைசியில், களவு பிடிபட்டவர் போல.

"அப்ப அதைப் போடுங்கோ. அதுதான் நேர்த்தி."

வின்சன்ற் சுவாமி தாடியைத் தடவிக்கொண்டார். அவர் படித்த குருமடத்தில் இதைப் படிப்பித்திருக்கமாட்டார்கள், ஆனால் மறுக்கவும் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. "வள்ளத்திலை ஏறினாக் கழட்டலாம்," என்று மட்டும் சேர்த்தார். "கடலிலை மண் இல்லைத்தானே. தரையிலை நிக்கிற நேரமெல்லாம் போடும்."

நாலு பேருமாகச் சுரூபத்தின் முன்னால் போனார்கள். இந்த முறை குருசுமுத்து முணுமுணுப்பாகத்தான் தொடங்கினார். ஆனால் பத்திநாதர் பக்கத்தில் நின்றார், அவருடைய உதட்டோரம் துடித்தது. மலிவான நேர்த்திக்காரன் என்ற பேர் இன்றோடு போக வேண்டும் என்று குருசுமுத்துவுக்கு ரோசம் வந்துவிட்டது. குரலை உயர்த்தினார்.

"அந்தோனியாரே, நான் தரையிலை சப்பாத்தோடைதான் நிப்பன். காட் கிடைக்கும் வரைக்கும் மட்டுமில்லை. பிள்ளையின்ரை காட் அலுவல் ஒண்டு மிச்சமில்லாமல் முழுக்க முடியும் வரைக்கும் போடுவன். பத்திநாதன் சாட்சி."

சப்பாத்து வாங்குவதே ஒரு யுத்தமாக இருந்தது. யாழ்ப்பாணக் கடையில் இடது காலுக்கு ஒன்பதாம் இலக்கம் சரி. வலது காலுக்குப் பதினொன்று வேண்டியிருந்தது. ஒன்றில் ஒரு கால், மற்றதில் ஒரு கால் தரமுடியாது என்று கடைக்காரர் கையை விரித்தார். இரண்டு சோடி வாங்கினார்கள். மிஞ்சிய இரண்டும், பெரிய இடதும் சின்ன வலதும், பத்திரிகைத் தாளில் சுற்றி அலுமாரிக்குள் போயின.

அதன் பிறகு அவர் நடந்ததைப் பார்க்க இறங்குதுறையில் சனம் கூடியது. மேசு போட்டு, மேலே கறுப்புச் சப்பாத்து, அதற்கு மேலே மடித்துக் கட்டிய சாரம். சப்பாத்து நாடாவைக் கட்டுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. நங்கூரக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். அது இழுக்க இழுக்க இறுகும், அவிழ்க்கக் கால்மணி நேரம் வேண்டும். கொதிக்கிற மத்தியானத்தில் மணலில் அந்தக் கோலத்தோடு வியர்த்து வழிய வருகிறபோது, "வங்கி மனேச்சர் வாறார், எழும்புங்கோ," என்பார் பத்திநாதர். குருசுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு போவார். வள்ளத்தில் ஏறியதும் கழற்றி, இரண்டு பாதத்தையும் காற்றில் நீட்டி, முனகுவார். மாக்கிறேற் அதைக் கரையில் நின்று பார்ப்பாள். தான் மீன் வாசம் பிடித்த நாட்களை எண்ணி, கொஞ்சம் ஆறுதல் அடைவாள்.

குளிசையும் ஒழுங்காகப் போனது. மாதாமாதம் கிளினிக். துளைகள் ஒவ்வொன்றாக மூடின. குறுணி வருவது நின்றது. "இன்னும் முழுக்கப் போகேல்லை," என்றாள் டொக்டர். "ஆனால் சப்பாத்தை மட்டும் விட்டிடாதேங்கோ."

அடுத்த வருசம் ஒரு ஞாயிறு பின்னேரம். வழக்கம் போல மாக்கிறேற் தொலைபேசிக் கடையில் மகனின் அழைப்புக்குக் காத்திருந்தாள்.

"அம்மா, காட் தந்திட்டாங்கள்," என்றான் அன்ரனிதாஸ்.

அவள் வாங்கில் இருந்துவிட்டாள். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அழுது, மூக்கைத் துடைத்து, எல்லாக் கேள்வியும் கேட்டாள். சாப்பிட்டானா, மெலிந்துவிட்டானா, காட் என்ன நிறம், எத்தனை வருசத்துக்குத் தந்தார்கள்.

"பத்து வருசம், அம்மா. பிறகு புதுப்பிக்கலாம். அப்பாவுக்குச் சொல்லுங்கோ, இனிச் சப்பாத்தைக் கழட்டட்டாம்."

அவளுடைய கண்ணீர் அந்த இடத்தில் நின்றது.

வீட்டுக்குப் போகிற பாதை அன்றைக்கு நீண்டதாக இருந்தது. சொன்னால் அவர் அன்றைக்கே இரண்டையும் கழற்றிக் கடலுக்குள் எறிவார். முற்றத்து விடத்தல் காத்துக்கொண்டிருக்கிறது. சொல்லாமல் விடலாமென்றால், மகனுடைய காட்டைத் தகப்பனிடம் ஒளிக்கிற பாவம் ஒரு பக்கம். அதோடு, சொல்லாவிட்டால் அவளும் மீனைத் தொடமுடியாது. இறங்குதுறையில் ஓரா மீன் கோர்வையாகத் தொங்கியது. அவள் நாலு வருசமாகப் பார்க்காதது போல் கடந்து போன ஓரா. இரண்டடி தாண்டிப் போனாள். பிறகு பத்து வருசம் என்ற சொல் மனதில் திரும்ப வந்தது. அதோடு கோயிலில் அவர் போட்ட சத்தமும் வந்தது. நின்றாள். திரும்பி வந்து கோர்வையை வாங்கினாள்.

இரவுச் சாப்பாட்டில் குருசுமுத்துவின் சோற்றுக் கோப்பையில் ஒரு ஓராவை வைத்தாள். தன் கோப்பையில் இரண்டு வைத்தாள். அவர் சாப்பிடப் போன கை அப்படியே நின்றது. அவளுடைய கோப்பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காட் வந்திட்டுதோ?"

"ஓம்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துவிட்டு, கதிரையைப் பின்னுக்கு அரக்கி, குனிந்து, வலது சப்பாத்தின் முடிச்சில் நகத்தைப் போட்டார்.

நங்கூர முடிச்சு. நேரம் இருந்தது. மாக்கிறேற் முதல் வாய் மீனை ஆறுதலாக மென்று விழுங்கினாள்.

"எத்தினை வருசத்துக்குத் தந்தவங்கள் எண்டு கேக்கேல்லை."

"காட் எண்டாக் காட்தானே."

"பத்து வருசம். பிறகு திரும்பப் போய்ப் புதுப்பிக்கோணும்."

முடிச்சில் வேலை செய்த விரல்கள் மெதுவாகின.

"அலுவல் முடியேல்லை," என்றாள்.

அவர் குனிந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ மீன் தின்னுறாய்."

"நான் காட் கிடைக்கும் வரைக்கும் எண்டு சொன்னனான். கிடைச்சிட்டுது. நீங்கள் சுவாமிக்கு முன்னாலை என்ன சொன்னனீங்கள்? ஒண்டு மிச்சமில்லாமல் முழுக்க முடியும் வரைக்கும். பத்திநாதண்ணையைக் கூப்பிடட்டோ? அவர்தானே சாட்சி."

பத்திநாதரின் பேர் நல்ல வேலை செய்தது. குருசுமுத்து முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

"பத்து வருசத்தாலை புதுப்பிச்சாப் பிறகு?"

"பிறகு இன்னொரு பத்து."

"உனக்குத் தெரிஞ்சுதானே மீன் வாங்கினனீ?"

"தின்னுங்கோ, ஆறப்போகுது."

அவர் பாதி அவிழ்ந்த முடிச்சைத் திரும்ப இறுக்கினார். மீனின் ஒரு பக்கத்தைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, தனக்குத்தானே பேசுவது போல, கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"வலதுகால் சப்பாத்து இப்ப தொளதொளக்குது. நடக்கேக்கை கழண்டு போகுது. அலுமாரிக்குள்ளை அந்தச் சின்னது இருக்கெல்லோ, நாளைக்கு அதை எடுத்துத் தா."